பழைய ஹைலக்ஸில் எல்எஸ்டி: வயல் வீதிகளில் கண்ட பலனும் குறையும்

எல்எஸ்டி (லிமிட்டெட் ஸ்லிப் டிபரன்ஷியல்) என்பது ஒரு பின்சக்கரம் வழுக்கினால் மற்றச் சக்கரத்துக்குக் கூடுதல் விசை போக வைக்கும் அமைப்பு. எல்எஸ்டி உள்ள கெப் (பிக்கப் வாகனம்) என்று சொல்லி விற்கப்படும் பழைய டொயோட்டா ஹைலக்ஸ்களில், அந்த எல்எஸ்டி உண்மையில் வேலை செய்கிறதா என்று வாங்குபவர்கள் பெரும்பாலும் பார்ப்பதில்லை. அது தேய்ந்துபோனால் சத்தம் வராது, எச்சரிக்கை விளக்கும் எரியாது. தார் வீதியில் வாகனம் வழக்கம்போலவே ஓடும். மாரி தொடங்கி, வயல் வீதியில் சுமையோடு நிற்கும்போதுதான் உண்மை தெரியவரும்.

என்னுடையது ஹைலக்ஸின் எல்என் 106 மாடல் டபுள் கெப். 2.8 லீற்றர் டீசல் இயந்திரம், முன்னும் பின்னும் லீஃப் ஸ்பிரிங், தேவைப்படும்போது மட்டும் போட்டுக்கொள்ளும் நாற்சக்கர இழுவை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு இலங்கையில் பழைய கெப்களின் விலை ஏறியிருந்தது. ஆகவே புதிது தேடுவதைவிட இருப்பதைச் செம்மையாக்குவதே சரி என்று முடிவு செய்து, பின் அச்சைத் திறந்து எல்எஸ்டியின் உராய்வுத் தட்டுகளை மாற்றினேன். கிளிநொச்சி மாவட்டத்தின் முரசுமோட்டைப் பக்கத்து வயல் வீதிகளில் பல போகங்கள் நெல்லும் உரமும் ஏற்றி ஓட்டிய பிறகு இதை எழுதுகிறேன்.

டிபரன்ஷியல் என்பது பின் அச்சின் நடுவில் இருந்து, இயந்திரத்தின் விசையை இரு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரத் தொகுதி. சாதாரண டிபரன்ஷியல் இரண்டு பின்சக்கரங்களுக்கும் ஒரே அளவு முறுக்குவிசையைத்தான் கொடுக்கும். ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கினால், அதைச் சுழற்றப் போதுமான அற்ப விசையே மற்றச் சக்கரத்துக்கும் போகும். நல்ல தரையில் நிற்கும் சக்கரம் அசையாது; சேற்றில் இருப்பது மட்டும் குழி தோண்டும். எல்எஸ்டியில், சக்கரங்களைச் சுற்றும் பக்கப் பற்சக்கரங்களோடும் டிபரன்ஷியலின் வெளிக்கூட்டோடும் மாறி மாறிப் பிணைந்த தட்டுகள் ஸ்பிரிங் அழுத்தத்தில் ஒன்றோடொன்று இறுகி நிற்கும். இயந்திரம் இழுக்க இழுக்க அந்த இறுக்கம் கூடும். அதனால் பிடிமானம் உள்ள சக்கரத்துக்கு வழுக்கும் சக்கரத்தைவிட இரண்டு, மூன்று மடங்கு விசை போய்ச் சேரும்.

தட்டுகள் தேய்ந்துவிட்டனவா என்று பார்ப்பது எளிது. முன்சக்கரங்களுக்கு அடைகட்டை வைத்து, பின் அச்சை இருபக்கமும் உயர்த்தித் தாங்கிகளில் நிறுத்துங்கள். கியரை நியூட்ரலில் வைத்து, ஹாண்ட் பிரேக்கை விடுவித்துவிட்டு, ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். மற்றச் சக்கரமும் அதே திசையில் சுற்றினால் தட்டுகளில் பிடி இருக்கிறது. எதிர்த்திசையில் சுற்றினால் பிடி போய்விட்டது. எனது வாகனத்தில் தட்டு மாற்றுவதற்கு முன் வலச்சக்கரம் எந்தத் தயக்கமும் இல்லாமல் எதிர்த்திசையில் சுற்றியது. மாற்றிய பிறகு இரண்டும் ஒன்றாகச் சுற்றின, பின் அச்சுக்கு விசை கொண்டுவரும் நடுத்தண்டும் கூடவே சுற்றியது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: எல்எஸ்டி உள்ள வாகனத்தில் ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கில் தூக்கிவிட்டு, இயந்திரத்தை இயக்கிக் கியர் போடவே கூடாது. தரையில் நிற்கும் சக்கரம் வாகனத்தை ஜாக்கிலிருந்து இழுத்துக்கொண்டு போய்விடும்.

சுமையோடு போகும்போதுதான் இதன் அருமை தெரிகிறது. பெரும்போக அறுவடை நேரத்தில் உழவு இயந்திரங்கள் ஓடி ஓடி வீதியின் ஒரு பக்கம் களியாகக் கிடக்கும். இடப்பக்கச் சக்கரம் அதில் இறங்கியதும் ஒரு கணம் சுழல்கிறது. உடனே வலச்சக்கரம் பிடித்துத் தள்ளுவதைச் சுக்கானில் உணர முடிகிறது. முன்பு நாற்சக்கர இழுவைக்காக முன்சக்கர ஹப்பைக் கையால் பூட்ட இறங்கிச் சேற்றில் கால் வைத்த இடங்களில் இப்போது இருசக்கர இழுவையிலேயே கடந்து போகிறேன். நாற்சக்கர இழுவையையும் சேர்த்துப் போட்டால், நான் போகும் வயல் வீதிகளில் தயங்க வேண்டிய இடம் மிகக் குறைவு.

வாய்க்காலைக் குறுக்காகக் கடக்கும்போது ஒரு சக்கரம் முழுதாக அந்தரத்தில் தொங்கினால் கதை வேறு. எல்எஸ்டி இரண்டு, மூன்று மடங்காக்குவதற்கு அந்தச் சக்கரத்தில் எதிர்விசையே இல்லை. ஸ்பிரிங்கின் தொடக்க இறுக்கம் மட்டுமே மிஞ்சும். அப்போது ஹாண்ட் பிரேக்கை மெதுவாக ஓரிரு பல் இழுத்துப் பிடித்துக்கொண்டு நிதானமாக வேகம் கொடுத்தால், தொங்கும் சக்கரத்துக்கு எதிர்விசை கிடைத்து மற்றது நகர்த்தும். பலமுறை கைகொடுத்த வழி இது. ஆழமான பள்ளத்தில் இதுவும் உதவாது.

மழையில் நனைந்த ஏ9 நெடுஞ்சாலையில் வெறும் கெப்பை ஓட்டுவதற்குத்தான் புதிதாகப் பழக வேண்டியிருந்தது. சாதாரண டிபரன்ஷியலில் ஒரு சக்கரம் வழுக்கினாலும் மற்றது பின்பகுதியை நேராக வைத்திருக்கும். இதில் இரண்டும் ஒன்றாக வழுக்கும், பின்பகுதி பக்கவாட்டில் விலகும். பின்னால் பாரம் இல்லாத கெப்பில் இது சட்டென்று நடக்கிறது. வளைவில் ஆக்சிலரேட்டரை அழுத்தும் பழக்கம் உள்ளவர்கள் இதை அலட்சியம் செய்யக் கூடாது. ஒரு பக்கம் சரிந்த களி வீதியிலும் இதே கதைதான்: வாகனம் நகரும், ஆனால் சரிவுப் பக்கமாகவும் இறங்கும்.

பராமரிப்பில் முக்கியமானது ஒயில். எல்எஸ்டிக்கு உரியது என்று போத்தலிலேயே எழுதியிருக்கும் ஜிஎல்-5 தரக் கியர் ஒயிலைத் தவிர வேறு எதையும் ஊற்ற விடாதீர்கள். ஒருமுறை ஒரு சேவை நிலையத்தில் சாதாரண கியர் ஒயிலை ஊற்றிவிட்டார்கள். அன்று மாலையே, வீட்டு வாசலில் திருப்பும்போது பின்னாலிருந்து கடகடவென்று அதிர்வு வந்தது. ஒயிலை மாற்றி, வெறும் நிலத்தில் எட்டுப் போட்டு ஓட்டிய பிறகுதான் அடங்கியது. வாய்க்கால் நீரில் இறங்கி ஏறும் வாகனம் என்றால் அச்சின் காற்றுத் துளையையும் பாருங்கள். அது பழுதானால் தண்ணீர் உள்ளே போய் ஒயில் பாலாகிவிடும். பெரும்போகம் முடிந்ததும் நான் ஒயிலைக் கட்டாயம் மாற்றிவிடுகிறேன். பின்டயர்களையும் எப்போதும் சோடியாகவே மாற்றுகிறேன். ஒன்று புதிது, ஒன்று தேய்ந்தது என்றால் நேர் வீதியிலும் தட்டுகள் ஓயாமல் உரசும்.

புதிய ஹைலக்ஸ்களில் பொத்தானை அழுத்தினால் பின் டிபரன்ஷியல் முழுதாகப் பூட்டிக்கொள்ளும் வசதி வருகிறது. பள்ளம் தாண்டுவதற்கு எல்எஸ்டி அதற்கு ஈடாகாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பொத்தானை முன்கூட்டியே நினைத்து அழுத்த வேண்டும். நெல் மூட்டைகளோடு போகும்போது, களி எங்கே தொடங்குகிறது என்பது சக்கரம் இறங்கிய பிறகே தெரிகிறது. என் வேலைக்கு, அந்த நொடியில் தானாகவே பிடிக்கும் தட்டுகள்தான் வேண்டும்.