தனிக் குழுவா, ஒரே வாசலா?

ராணுவத்தின் கடினமான பணிகளுக்குள் பெண்களைக் கொண்டுவர நார்வே ஒரு வழி பிடித்தது, அமெரிக்கா இன்னொரு வழி.

நார்வே 2014-ல் தன் சிறப்புப் படையில் 'யேகர்ட்ரோப்பன்' என்ற பெண்கள் மட்டுமே உள்ள பயிற்சிக் குழுவைத் தொடங்கியது. ஆப்கானிஸ்தானில் பட்ட அனுபவம்தான் காரணம். அங்கே வீட்டுப் பெண்களிடம் ஆண் வீரர்களால் பேசவே முடியவில்லை. ஊரில் பாதிப் பேர் சொல்வது காதில் விழாமலே போனது. முதல் ஆண்டு 317 பேர் விண்ணப்பித்தார்கள். ஓராண்டுப் பயிற்சியை முடித்தவர்கள் 13 பேர். 'பெண்களுக்குச் சலுகை' என்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கட்டும்.

அமெரிக்கா தனி வாசல் வைக்கவில்லை. 2015 ஏப்ரலில், ராணுவத்தின் கடினமான தலைமைப் பயிற்சி தரும் ரேஞ்சர் பள்ளிக்குள் 19 பெண்கள் நுழைந்தார்கள். முதுகுச் சுமையும் துப்பாக்கியுமாக 19 கிலோமீட்டரை 3 மணி நேரத்தில் கடக்க வேண்டும். ஆண்களுக்கும் அதே அளவுகோல். அந்தப் பெண்களில் கிறிஸ்டன் கிரிஸ்ட்டும் ஷே ஹேவரும் முதல் கட்டத்திலேயே தேறாமல் நின்று, மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்கி, ஆகஸ்டில் தேர்ச்சி பெற்றார்கள். (இது பயிற்சிப் பள்ளி மட்டுமே. இதே பெயருள்ள ரேஞ்சர் என்ற சிறப்புப் படைப்பிரிவு வேறு.) அந்த டிசம்பரில் எல்லாப் போர்ப் பணிகளும் பெண்களுக்குத் திறக்கப்படும் என்ற அறிவிப்பு வந்தது.

நார்வே வழியில் கூடவே தோழிகள் இருக்கிறார்கள், அது பெரிய பலம். ஆனாலும் என் மனம் ஒரே வாசல் பக்கம்தான். யேகர்ட்ரோப்பனை முடித்தவர் முழு கமாண்டோ ஆகிவிடுவதில்லை. அதற்கான தேர்வு இன்னமும் தனியாக நிற்கிறது.