நாவலவா, வெளிவாரியா, வார இறுதிக் கம்பஸா? வேலையோடு பட்டம் படிப்பவருக்கு ஓர் ஒப்பீடு

கொழும்பில் வேலை பார்த்துக்கொண்டே ஒரு பட்டம் எடுக்க நினைப்பவருக்கு, வயது இருபத்தைந்தாக இருந்தாலும் ஐம்பதாக இருந்தாலும், பெரும்பாலும் மூன்று வழிகள்தான் கண்ணில் படும். நாவலவில் இருக்கும் திறந்த பல்கலைக்கழகம் ஒன்று. அரச பல்கலைக்கழகங்களின் வெளிவாரிப் பட்டம், அதாவது பதிந்துவிட்டு நாமே படித்துப் பரீட்சை எழுதுவது, இன்னொன்று. காலி வீதி நெடுகப் பெயர்ப்பலகை தொங்கும் தனியார் கம்பஸ்களின் வார இறுதி வகுப்பு மூன்றாவது. பல்கலைக்கழகத்துக்குள்ளேயே முழுநேர மாணவராக இருக்கும் உள்வாரிப் படிப்பு இந்தக் கணக்கில் வராது. 1945இல் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வியில்தான் நாமெல்லாம் பள்ளிக்கூடம் போனோம், சரி. ஆனால் பல்கலைக்கழகத்தின் உள்வாரிக் கதவு, உயர்தரப் பரீட்சையில் மூன்று தடவைக்குள் வெட்டுப்புள்ளியைத் தாண்டியவர்களுக்குத்தான் திறக்கும். நாற்பது வயதில் அந்த உயர்தரப் பெறுபேற்றின் இசட் புள்ளியை நினைத்துப் பெருமூச்சு விட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை.

மூன்று வழிகளையும் காசு, காலம், பெயர் என்று ஒப்பிடுவதுதான் வழக்கம். நான் முதலில் பார்ப்பது வேறொன்றை: வேலை முடிந்து களைத்து வீட்டுக்கு வந்த ஆளை, கிழமைக்கு இரண்டு தடவையாவது புத்தகத்தைத் திறக்க வைப்பது இதில் எது? வளர்ந்தவர்கள் படிப்பைப் பாதியில் விடுவதற்குப் பாடம் விளங்காமல் போவது காரணமாக இருப்பது குறைவு. நான் பார்த்தவரை, நடுவில் ஓர் இடைவெளி விழுகிறது. பிள்ளைக்குக் காய்ச்சல், கந்தோரில் கணக்கு முடிப்பு, ஊரில் ஒரு செத்தவீடு. அந்த மூன்று வாரம் மூன்று மாதமாகிறது. அதன் பிறகு புத்தகத்தைத் தொடவே வெட்கமாக இருக்கிறது.

இந்த அளவுகோலில் திறந்த பல்கலைக்கழகம் முன்னுக்கு நிற்கிறது. 1980இல் தொலைக்கல்விக்கென்றே உருவான அரச பல்கலைக்கழகம் அது. கட்டணம் உண்டு, ஆனால் எடுக்கும் பாடங்களுக்கு ஏற்ப. இந்த வருடம் கை இறுக்கம் என்றால் குறைவாக எடுக்கலாம். உயர்தரம் இல்லாதவர்களும் ஓர் அடிப்படைச் சான்றிதழ் கற்கைநெறியை முடித்துவிட்டுப் பட்டப்படிப்புக்குள் வரப் பாதை இருக்கிறது. பதினாறு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு ஒரு கடைக்கு வேலைக்குப் போனவருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று, உயர்தரம் செய்தவர்களுக்கு எளிதில் விளங்காது.

அங்கே படிப்பவர்கள் அதிகம் திட்டுவது தொடர் மதிப்பீட்டை. வருட நடுவில் வரும் ஒப்படைகளிலும் சிறு பரீட்சைகளிலும் போதிய புள்ளி எடுத்தால்தான் இறுதிப் பரீட்சைக்கு உட்கார விடுவார்கள். தகுதி கிடைக்காவிட்டால் அந்தப் பாடத்தைத் திரும்பவும் பதிய வேண்டும், காசும் திரும்பக் கட்ட வேண்டும். கேட்கக் கொடுமையாகத்தான் இருக்கிறது. எனக்கென்னவோ அந்தப் படிப்பின் மிகப் பெரிய பலமே அதுதான் என்று படுகிறது. ஒப்படைத் திகதி ஒன்று சுவரில் தொங்கினால்தான் நம்மில் பலர் பேனையை எடுப்போம். பரீட்சைக்கு முந்திய மாதம் கண்விழித்துக் கரைசேர்வது பத்தொன்பது வயதுக்காரருக்கு முடியும். மறுநாள் எட்டரைக்குக் கையொப்பம் வைக்க வேண்டியவருக்கு முடியாது.

குறைகளும் இருக்கின்றன. டே ஸ்கூல் என்ற நேரடி வகுப்பு நாட்கள் குறைவு, மற்றதெல்லாம் அச்சிட்ட பாடநூலும் நீங்களும்தான். பாடங்களைக் குறைத்துக் குறைத்து எடுத்தால் மூன்று வருடப் பட்டம் ஆறு வருடமாக நீளும். அறிவித்தல்களை நீங்களே தேடிப் பார்க்க வேண்டும், யாரும் கோல் எடுத்துச் சொல்ல மாட்டார்கள். மொழியையும் துறை துறையாகக் கேட்டறிய வேண்டும்: ஆசிரியர்களுக்கான பட்டப்பின் கல்வி டிப்ளோமாவைத் தமிழில் படிக்கலாம், பொறியியல் தொழில்நுட்பம் என்றால் ஆங்கிலம்தான். போக்குவரத்து பரவாயில்லை. ஹெட்டியாவத்தையிலிருந்து கரகம்பிட்டிக்கு ஓடும் 176ஆம் இலக்க பஸ் நாவல வழியாகத்தான் போகிறது, கொட்டாஞ்சேனைக்காரருக்கு வசதி. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் பிராந்திய நிலையங்கள் இருப்பதால், நடுவில் இடமாற்றம் வந்தாலும் படிப்பு நிற்காது. அரச உத்தியோகத்தர்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும்.

வெளிவாரிப் பட்டம் கொஞ்சம் வேறு மாதிரி ஆளைக் கேட்கிறது. கொழும்பில் அதிகம் பேசப்படுவது கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கணினிக் கல்லூரி நடத்தும் பி.ஐ.டி. என்ற தகவல் தொழில்நுட்பப் பட்டம். அதில் எனக்குப் பிடித்தது படிக்கட்டு முறை. முதல் வருடத்தோடு நின்றால் டிப்ளோமா, இரண்டாம் வருடத்தோடு நின்றால் உயர் டிப்ளோமா, மூன்றாவதும் முடித்தால் பட்டம். வாழ்க்கை எங்கே இழுத்து நிறுத்தினாலும் கையில் ஏதோ ஒன்று இருக்கும். படிப்பதும் வகுப்புக்குப் போவதும் உங்கள் பாடு. பல பேர் தனியார் வகுப்பொன்றில் சேர்ந்துகொள்கிறார்கள், அந்தச் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஏற்கனவே ஐ.டி. வேலையில் இருப்பவர் என்றால் பாடத்தில் பாதி அன்றாட வேலையில் வந்துபோவதுதான். அப்படிப்பட்டவருக்குத் திறந்த பல்கலைக்கழகத்தைவிட இதையே சொல்வேன்.

கலை, வணிகப் பிரிவு வெளிவாரிப் பட்டங்கள் பற்றி அவ்வளவு உற்சாகம் எனக்கில்லை. செலவு குறைவு, உண்மை. ஆனால் பதிவு முடிந்து பரீட்சை வரும்வரை உங்களை ஒருவரும் எதுவும் கேட்பதில்லை. பரீட்சை பிந்தினால், பெறுபேறும் பிந்தினால், நான் மேலே சொன்ன இடைவெளியைப் பல்கலைக்கழகமே உண்டாக்கித் தந்ததாகிவிடும். சொந்தமாகக் கால அட்டவணை போட்டு அதன்படி நடக்கிற அபூர்வப் பிறவிகள் தாராளமாக எடுக்கலாம்.

தனியார் கம்பஸுக்கு வருவோம். பெரும்பாலும் பிரித்தானியப் பல்கலைக்கழகம் ஒன்றின் பட்டம்: முதலில் எச்.என்.டி. என்ற உயர் தேசிய டிப்ளோமா, பிறகு அதைப் பட்டமாக்கும் ஒரு வருட டொப்-அப். சனி, ஞாயிறு வகுப்பு, குளிரூட்டிய அறை, எதற்கும் பதில் சொல்ல முன்மேசையில் ஒரு பிள்ளை. அட்டவணை பிந்தாது, கட்டிய காசே ஆளை வகுப்புக்கு இழுத்து வரும். இடைவெளி விழாத வழி என்று பார்த்தால் இதுவும் நல்ல வழிதான், விலைதான் தலை சுற்ற வைக்கும். கட்டணத்தின் ஒரு பகுதி பவுணில் இருந்தால் இரட்டிப்புக் கவனம் வேண்டும். 2022 தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் நின்ற டொலர் அந்த மே மாதத்தில் 360ஐத் தாண்டியது. வெளிநாட்டு நாணயத்தில் கடைசித் தவணை கட்ட இருந்தவர்களின் கணக்கெல்லாம் அந்தச் சில மாதத்தில் குழம்பிப் போனது.

காசு கட்டுமுன் பட்டத்தின் அங்கீகாரத்தைப் பார்க்க வேண்டும், விளம்பரத்தில் பார்த்தால் போதாது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் என்றால், பொதுநலவாயப் பல்கலைக்கழகங்கள் சங்கத்தின் ஆண்டேட்டிலோ சர்வதேசப் பல்கலைக்கழகங்கள் சங்கத்தின் கைந்நூலிலோ அதன் பெயர் இருக்கிறதா என்றுதான் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு பார்க்கும். உள்நாட்டுத் தனியார் நிறுவனமே பட்டம் வழங்குவதானால், பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் 25ஏ பிரிவின்கீழ் அந்தக் குறிப்பிட்ட பட்டத்துக்கு அனுமதி இருக்க வேண்டும். நிறுவனத்தின் பெயர் பட்டியலில் இருப்பது வேறு, நீங்கள் சேரும் பட்டம் இருப்பது வேறு. முன்மேசைப் பிள்ளையிடம் இதைக் கேட்டால் சிரிப்புத்தான் வரும், பதில் வராது. வார்ட் பிளேஸில் இருக்கும் ஆணைக்குழுவிடமே கேட்பது நல்லது.

ஆக, என் தீர்ப்பு இப்படி: கையில் காசும் அவசரமும் இருந்து, தனியார் துறையிலேயே தொடரப் போகிறவர் வார இறுதிக் கம்பஸுக்குப் போகட்டும். ஐ.டி.காரர் பி.ஐ.டி. எடுக்கட்டும். மற்றவர்களுக்கு, அதிலும் அரச வேலையில் இருப்பவர்களுக்கும் உயர்தரம் தவறியவர்களுக்கும், நாவலதான்.

சேர்ந்த பிறகு எப்படிப் படிப்பது என்பதிலும் போட்டி வழிகள் உண்டு. எல்லாப் பாடத்தையும் ஒரே மூச்சில் எடுப்பதா, பாதியாக எடுப்பதா? முதல் வருடம் பாதி. இதில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது. ஆனால் ஒரே ஒரு பாடமாகச் சுருக்கிவிடக் கூடாது. அது படிப்பாகவே தோன்றாது, முதலில் கைவிடப்படுவதும் அதுவாகத்தான் இருக்கும்.

திரும்பத் திரும்ப வாசித்து மஞ்சள் கோடு போடுவதா, கடந்தகால வினாத்தாள்களைச் செய்து பார்ப்பதா? ஜோன் டன்லொஸ்கி என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் 2013இல் பத்துப் படிப்பு முறைகளை ஆய்வுகளோடு வைத்து எடைபோட்டார்கள். மேலே வந்தவை இரண்டு: தன்னைத்தானே சோதிப்பது, ஒரே பாடத்தை நாள் இடைவெளி விட்டுத் திரும்பப் படிப்பது. கோடு போடுவதும் மறுவாசிப்பும் அடிமட்டத்தில். நம் ரியூசன் மாஸ்டர்மார் பாஸ்ட் பேப்பர் செய், பாஸ்ட் பேப்பர் செய் என்று கத்தியதில் விஷயம் இருந்திருக்கிறது. வயதானவருக்கு இது இன்னும் பொருந்தும். வேகமும் புதியதைச் சட்டென்று பிடிக்கும் திறனும் வயதோடு குறைவது உண்மை. சொல்வளமும் சேர்த்து வைத்த அறிவும் நெடுநாள் நிலைக்கின்றன என்பதும் உண்மை. எனவே பதினைந்து வருடம் வங்கியில் இருந்தவர் கடன் பத்திரம் பற்றிய பாடத்தை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. புத்தகத்தை மூடிவிட்டு, தன் கிளையில் நடந்ததோடு ஒப்பிட்டு ஒரு பக்கம் எழுதிப் பார்த்தால் போதும்.

விடியற்காலையா இரவா என்று கேட்டால் விடியல். நாலரை மணிக்கு வட்ஸ்அப்பில் ஒருவரும் வரமாட்டார்கள், பக்கத்து வீட்டு டிவியும் ஓடாது. கோட்டையில் வேலை முடிந்து வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்த மூளையிடம் புள்ளிவிபரவியலைக் கேட்பது பாவம். ஆனால் விடிய எழும்பப் பத்து மணிக்குப் படுக்க வேண்டும். தூக்கத்தை வெட்டி எடுத்த நேரத்தில் படித்தது நினைவில் நிற்பதும் குறைவு.

வீட்டில் இடமில்லை என்பது இங்கே சாக்குப்போக்கு ஆகாது. இரண்டு அறை பிளட்டில் ஐந்து பேர் இருந்தால் மேசை யாருக்கு? வெள்ளவத்தையில் தமிழ்ச் சங்க நூலகம் இருக்கிறது. விகாரமகாதேவிப் பூங்காவுக்குப் பக்கத்தில் பொது நூலகம் இருக்கிறது. சனிக்கிழமை காலையில் இரண்டில் ஒன்றுக்குப் போய், போனை அணைத்துப் பைக்குள் போட்டால் மூன்று மணித்தியாலம் கிடைக்கும். வீட்டில் அதே மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு கிழமை தேவைப்படும்.

சொந்தபந்தம் இன்னொரு பாடம், பாடத்திட்டத்தில் இல்லாதது. ஆவணியிலும் தையிலும் கல்யாணம் வரிசை கட்டும். எல்லாம் வார இறுதியில், வகுப்பு இருக்கும் அதே நாளில். எல்லாவற்றுக்கும் போகாமல் விட்டால் பேச்சு வரும், எல்லாவற்றுக்கும் போனால் செமஸ்டர் போய்விடும். தாலிகட்டுக்கு ஒருவர் போக, வரவேற்புக்கு மற்றவர் போவது என்று கணவன் மனைவி பிரித்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும். “இந்த வயசில படிச்சு என்னத்தக் கிழிக்கப் போறீர்?” என்று பெரியப்பா கேட்பார். சாப்பாட்டு வரிசையில் நின்றுகொண்டு அவருக்கு விளக்கம் சொல்லத் தேவையில்லை.

கடைசியாகத் துணை. தன் வயதுக்காரரோடு சேர்ந்து படிப்பதா, இளையவர்களோடா? தன் வயதுக்காரரோடு சேர்ந்தால் ஆறுதல் கிடைக்கும், பாதி நேரம் பிள்ளைகளின் ஸ்கொலர்ஷிப் பரீட்சையைப் பற்றிய பேச்சாகவும் போய்விடும். இருபத்திரண்டு வயதுக்காரருக்கு எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது, போன வருடம் எந்தக் கேள்வி வந்தது, ஒப்படையை எப்படிப் பதிவேற்றுவது எல்லாம் அத்துப்படி. அவருக்குத் தெரியாதது வேலைத்தலத்தில் ஓர் அறிக்கை எப்படி எழுதுவார்கள் என்பது. ஒரு குழுவில் இரண்டு வகையும் இருப்பதுபோல் சேர்ந்தால் ஒப்படை எழுதுவது பாதி சுலபம். அவர்கள் அண்ணை, அக்கா என்று கூப்பிடுவார்கள், சிலர் அங்கிள் என்றும் கூப்பிடுவார்கள். அதைப் பெரிதாக எடுக்காமல், டே ஸ்கூல் இடைவேளையில் ஆளுக்கொரு ரோல்ஸும் பிளேன்டீயும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போன வருடத்து வினாத்தாளைக் கேளுங்கள்.