ஆட்டோகிளேவுக்குத் தண்ணீர் வரும் வழியும் போகும் வழியும்: ஏழு ஆண்டு அனுபவம்

எங்கள் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் ஆட்டோகிளேவ், அதாவது அழுத்த நீராவியால் கிருமிகளைக் கொல்லும் இயந்திரம், வந்து இறங்கிய அன்று எல்லோரும் அதன் கதவையும் தொடுதிரையையும்தான் சூழ்ந்து நின்றோம். பின்பக்கம் இருந்த இரண்டு குழாய் முனைகளை யாரும் குனிந்து பார்க்கவில்லை. தரையில் நிற்கும் பெரிய இயந்திரம். நீராவியைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். காற்றை உறிஞ்சித் தள்ள வெற்றிடப் பம்பும் உண்டு. இந்த ஏழு ஆண்டுகளில், வெப்பம் தாங்கும் பாக்டீரியா வித்துகளும் சாகின்றனவா என்று பார்க்கும் வித்துச் சோதனையில் அது ஒருமுறைகூடத் தவறியதில்லை. இயந்திரத்தைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. அது நின்றுபோன நாட்களில் பெரும்பாலானவை தண்ணீரால் நின்றவை.

முதல் அடி வடிகாலில் விழுந்தது. கழிவுநீருக்குச் சாதாரண பிவிசி குழாயைப் பொருத்திய பிளம்பரிடம், சூடு தாங்குமா என்று கேட்டேன். "எல்லா இடத்திலும் இதுதான் மேடம்" என்றார். நானும் விட்டுவிட்டேன். உள்ளே 121 டிகிரியில் நிற்கும் நீரும் நீராவியும் வெளியேறும்போது கொதிநிலையை ஒட்டியே வரும். பிவிசி 60 டிகிரிக்கு மேல் இளகத் தொடங்கிவிடும். நான்கே மாதத்தில் இரண்டு தாங்கிகளுக்கு நடுவே குழாய் தொட்டில்போல் தொய்ந்து, அந்தப் பள்ளத்தில் தண்ணீர் தேங்க ஆரம்பித்தது. அப்போதுதான் ஒரு மாணவர் ஃபிளாஸ்கை விளிம்புவரை நிரப்பி வைக்க, நுண்ணுயிர்களை வளர்க்க நாங்கள் பயன்படுத்தும் கூழான அகார் பொங்கி வழிந்தது. அகாரின் குணம் தெரிந்தவர்களுக்கு மீதிக் கதை புரியும்: 40 டிகிரிக்குக் கீழே வந்தால் உறைந்துவிடும், மறுபடி உருக 85 டிகிரியாவது வேண்டும். குழாயை அறுத்துப் பார்த்தபோது உள்ளே முழங்கை நீளத்துக்கு, வெளிர் மஞ்சள் நிறத்தில், நுங்குபோல வழுவழுவென்று அடைத்துக்கொண்டிருந்தது. விரலால் தள்ளினால் நழுவியது. ஆனால் வெளியே வரவில்லை.

அதன்பின் இயந்திரத்திலிருந்து முதல் மூன்று மீட்டருக்குத் துருப்பிடிக்காத எஃகுக் குழாய் போட்டோம். மீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டர் சரிவு. குழாயின் முனையைச் சாக்கடைக் குழாயோடு ஒட்டி மூடாமல், அகலமான புனலுக்கு மேல் ஒரு கை இடைவெளி விட்டு நிறுத்தினோம். அந்த இடைவெளியைப் பார்த்துப் பலர் அரைகுறை வேலை என்று நினைத்துவிடுகிறார்கள். இயந்திரத்துக்குள் வெற்றிடம் உண்டாகும் என்பதை மறக்கக் கூடாது. முனை சாக்கடை நீரில் மூழ்கியிருந்தால் அந்த நீர் பின்னோக்கி ஏற வழி பிறக்கிறது. பக்கத்துக் கை கழுவும் தொட்டியின் கழிவுநீரையும் இதே குழாயில் சேர்த்திருந்தார்கள். இயந்திரம் ஓடிய ஒவ்வொரு முறையும் அந்தத் தொட்டியின் துளை வழியாக ஆவி கிளம்பியது. அதற்குத் தனி வழி அமைத்த பிறகுதான் எனக்கு நிம்மதி.

உள்ளே வரும் தண்ணீரில் எங்களைப் படுத்தியது அழுத்தம். மொட்டைமாடித் தொட்டி இயந்திரத்துக்கு நான்கு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பத்து மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம் என்பதால் எங்களுக்குக் கிடைத்தது 0.4 பார். கையேடு கேட்டது 2 பார். அழுத்தப் பம்பு வாங்கி அதைச் சரிசெய்தோம். ஆனால் சித்திரை வெயிலில் வேறொரு தொல்லை தலைகாட்டியது. எங்கள் இயந்திரத்தின் வெற்றிடப் பம்பு தண்ணீரைக் கொண்டே இயங்குவது. மாடித் தொட்டித் தண்ணீர் சுட ஆரம்பித்ததும் பம்பால் போதிய வெற்றிடத்தை எட்ட முடியவில்லை. காற்றை அகற்றும் கட்டத்திலேயே மணிக்கணக்காக நின்றது. பம்பு பழுது என்று எண்ணிச் சேவைப் பொறியாளரை இரண்டு முறை அழைத்தோம். நிலத்தடித் தொட்டியிலிருந்து நேராகக் குழாய் இழுத்ததும் தொல்லை தீர்ந்தது.

கோவையில் சிறுவாணித் தண்ணீரைக் குடித்துப் பழகியவர்களுக்கு ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பு நாக்கிலேயே தெரியும். எங்கள் வளாகத்தில் புழங்குவது அந்த உப்பு நீர்தான். நீராவி உண்டாக்கும் பகுதிக்கு ஆர்.ஓ. தண்ணீர் தவிர வேறெதையும் நாங்கள் விடுவதில்லை. ஒருமுறை ஆர்வமிகுதியில் இருமுறை வாலை வடித்த நீரை ஊற்றினோம். தண்ணீர் நிறைய இருந்தும் 'நீர் இல்லை' என்று எச்சரிக்கை வந்தது. நீர்மட்டம் அறியும் கம்பி, நீரின் வழியே மின்சாரம் பாய்வதைக் கொண்டே மட்டத்தை உணர்கிறது. உப்பே இல்லாத நீரில் அது குருடாகிவிடுகிறது.

பம்பிலிருந்து வெளியேறும் தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கிறது. தோட்டத்துக்கு விடலாமே என்று நிர்வாகத்தில் கேட்டார்கள். தண்ணீர்த் தட்டுப்பாடு எனக்கும் வலிக்கிறது. ஆனாலும் மறுத்துவிட்டேன். தொடக்கத்தில் உறிஞ்சப்படும் காற்று, கிருமிகள் சாவதற்கு முன்பே, கழிவுப் பைகளைத் தொட்டுவிட்டு வருவது. அதே பம்பு நீரில் கலந்து வெளியேறும் அந்தக் காற்றைச் செடிகளுக்கும் தோட்டக்காரர் கைகளுக்கும் அனுப்ப எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆர்.ஓ. கருவி ஒதுக்கும் நீரைத் தரை கழுவக் கொடுத்திருக்கிறோம்.

இப்போது புதிய கட்டடத்தில் இரண்டாவது ஆட்டோகிளேவுக்கு இடம் பார்க்கிறார்கள். எந்த இயந்திரம் என்று இன்னும் முடிவாகவில்லை. விலைப்புள்ளி கொடுக்க வந்த ஒவ்வொருவரிடமும் ஒரு சுழற்சிக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் செலவாகும், கழிவுநீர் எத்தனை டிகிரியில் வெளியேறும் என்று எழுத்தில் கேட்டிருக்கிறேன். தரைக்குக் காங்கிரீட் போடுவதற்கு முன்பே எஃகுக் குழாயின் பாதையைச் சுண்ணாம்புக் கட்டியால் நானே கோடிழுத்துக் காட்டிவிட்டு வந்தேன்.