தடுப்பூசிக்கு எந்தப் பெட்டி? முதலில் கேட்க வேண்டியது உறைவதைப் பற்றி

ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மைனஸ் 0.5 டிகிரி செல்சியஸ் அளவிலேயே உறையத் தொடங்கும். ஐந்து நோய்களுக்கு ஒரே ஊசியான பென்டாவேலன்ட், டெட்டனஸ்-டிப்தீரியாவுக்கான டிடி, நிமோனியாவுக்கான பிசிவி, கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி, ஊசியாகப் போடும் போலியோ மருந்து ஆகியவையும் உறைந்தால் வீணாகும் வகைதான். இவற்றில் பலவற்றில் அலுமினிய உப்பு சேர்ந்திருக்கிறது. உறையும்போது அந்த நுண்துகள்கள் ஒட்டிக்கொண்டு திப்பிதிப்பியாகிவிடும். பிறகு உருகினாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. குப்பியை வெளியிலிருந்து பார்த்தால் பெரும்பாலும் நல்ல மருந்து போலவே தெரியும்.

வெப்பத்தைக் கண்டுபிடிக்கக் குப்பியிலேயே ஒரு காவல் உண்டு. 1996-ல் போலியோ சொட்டு மருந்தில் முதலில் வந்த விவிஎம் குறியீடு அது. வட்டத்துக்குள் ஒரு சதுரம் இருக்கும். சூடு பட்டதெல்லாம் சேரச் சேரச் சதுரம் கறுக்கும். வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் அந்தக் குப்பியைப் பயன்படுத்தக் கூடாது. ஆனால் மருந்து உறைந்ததா என்பதை விவிஎம் சொல்லவே சொல்லாது. அதனால் தடுப்பூசியைக் குளிராக வைக்கும் எந்தச் சாதனத்தைப் பார்த்தாலும் என் முதல் கேள்வி, "கவனிக்க ஆள் இல்லாதபோது இது மருந்தை உறையவைத்துவிடுமா?" என்பதுதான். எவ்வளவு குளிர்விக்கும் என்பதெல்லாம் அப்புறம்.

முதலில் வீட்டு ஃப்ரிட்ஜையும், தடுப்பூசிக்கென்றே செய்த, சுவரில் ஐஸ் கொண்ட ஐஎல்ஆர் (ஐஸ்-லைன்ட் ரெஃப்ரிஜரேட்டர்) பெட்டியையும் எடுத்துக்கொள்வோம். வீட்டு ஃப்ரிட்ஜ் மலிவு, எங்கும் கிடைக்கும், பழுது பார்க்கவும் ஆள் உண்டு. ஆனால் அது தடுப்பூசிக்காகச் செய்யப்பட்டதல்ல. ஃப்ரீசர் பகுதிக்கு அருகிலும் பின்சுவரை ஒட்டியும் வைத்த குப்பிகள் பூஜ்யத்துக்குக் கீழே போய்விடலாம். கதவுத் தட்டில் வைத்தவை ஒவ்வொரு முறை திறக்கும்போதும் சூடாகும். திருகில் இருக்கும் 1, 2, 3 என்ற எண்கள் டிகிரியைக் குறிப்பவை அல்ல. தடுப்பூசிக்கு வேண்டியது 2 முதல் 8 டிகிரி. ஒரே ஃப்ரிட்ஜுக்குள் ஒரு மூலை அதற்குக் கீழும் இன்னொரு மூலை அதற்கு மேலும் இருப்பது சாதாரணம். மின்சாரம் போனால் சில மணி நேரத்தில் உள்ளே வெப்பம் ஏறிவிடும்.

ஐஎல்ஆர் மேற்பக்கம் திறக்கும் பெட்டி. குளிர்ந்த காற்று கனமானது, அதனால் மூடியைத் திறந்தாலும் வழிந்து வெளியேறாது. சுவரைச் சுற்றி உறைந்திருக்கும் நீர்தான் அதன் சேமிப்பு. நாளுக்கு 8 மணி நேரம் மின்சாரம் வந்தாலே போதும். வெளியே 43 டிகிரி கொளுத்தும்போது மின்சாரம் இல்லாமல் குறைந்தது 20 மணி நேரம் தாக்குப்பிடிக்க வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் தர நிபந்தனை. இதிலும் பழைய மாடல்களுக்கு ஒரு குறை உண்டு. அடியிலும் சுவர் ஓரத்திலும் உறைநிலை எட்டும். உறைந்தாலும் கெடாத போலியோ சொட்டு மருந்து, காசநோய்க்கான பிசிஜி, தட்டம்மை மருந்து கீழே, ஹெபடைடிஸ் பி போன்றவை மேலே கூடையில் என்ற பழக்கம் இதனால் வந்ததுதான். புதிய பெட்டிகளில் 'ஏ' தர உறைவுப் பாதுகாப்பு என்ற முத்திரை இருந்தால், வைப்பவர் எங்கே வைத்தாலும் மருந்து உறையாது. வாங்கும் குழுக்கள் லிட்டர் கொள்ளளவைத்தான் முதலில் ஒப்பிடுகின்றன. நான் இந்த முத்திரையைத்தான் முதலில் தேடுவேன்.

சரி, மின்சாரம் ஒழுங்காக வராத இடத்தில்? மண்ணெண்ணெய், எரிவாயு ஃப்ரிட்ஜ்களைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. வெப்பநிலையைச் சீராகக் கட்டுப்படுத்த முடியாததால் அவை காலாவதியான வழி. பேட்டரி வைத்த சூரிய ஃப்ரிட்ஜ் சில ஆண்டுகள் நன்றாக ஓடும். பிறகு பேட்டரி செத்துவிடும், மாற்றப் பணம் வராது, பெட்டி அலமாரியாகிவிடும். எஸ்டிடி எனப்படும் நேரடி சூரிய ஃப்ரிட்ஜில் பேட்டரி இல்லை. பகல் வெயிலில் உள்ளேயே குளிரைச் சேமித்துக்கொள்கிறது. வெயிலே இல்லாவிட்டாலும் குறைந்தது 3 நாள் ஓடும். முதல் செலவு அதிகம், தகட்டின் மேல் மர நிழலோ தூசியோ படிந்தால் திணறும், பொருத்துபவர் தேர்ந்தவராக இருக்க வேண்டும். என் கணக்கு இதுதான்: பெரும்பாலான நாட்களில் 8 மணி நேர மின்சாரம் உண்டு, தடை 2 நாளைத் தாண்டுவதில்லை என்றால், அந்தத் தடையைத் தாக்குப்பிடிக்கும் ஐஎல்ஆர். அதற்குக் குறைந்தால் எஸ்டிடி.

உண்மையில் அதிகம் கோட்டைவிடுவது பயணத்தில்தான். டீப் ஃப்ரீசரில் மைனஸ் 20-ல் கிடந்த ஐஸ் பேக்கை எடுத்து அப்படியே வாக்சின் கேரியரில் (முகாமுக்கு மருந்தைச் சுமந்து செல்லும் பெட்டியில்) அடுக்கினால், பக்கத்தில் இருக்கும் பென்டாவேலன்ட் வழியிலேயே உறைந்துபோகும். இதற்குப் பழைய தீர்வு, ஐஸ் பேக்கை வெளியே வைத்து, குலுக்கினால் தண்ணீர்ச் சத்தம் கேட்கும் வரை காத்திருப்பது. தாளில் நல்ல முறை. ஆனால் விடியற்காலையில் நாலு ஊருக்குக் கிளம்ப வேண்டிய செவிலியருக்கு அந்த நேரம் எங்கே கிடைக்கும்? அவர் காத்திருக்காததைக் குற்றமாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மனிதப் பொறுமையை நம்பிய ஏற்பாடு அது.

உறையவைக்காமல், 2 முதல் 8 டிகிரியில் குளிரவைத்த தண்ணீர் பேக்கை வைத்தால் உறையும் ஆபத்து அறவே இல்லை. மெல்லச் சூடேறும் என்பது உண்மை. ஆனால் சில மணி நேரத்தில் முடியும் முகாமுக்கு அது தாங்கும். தாங்காவிட்டால் விவிஎம் காட்டிக்கொடுக்கும். தெரியாமல் உறைவதைவிடத் தெரிந்து சூடாவது மேல் என்று உறுதியாகச் சொல்வேன். இதைவிடச் சிறந்தது உறைவுத் தடுப்பு கேரியர். ஐஸ் பேக்குக்கும் மருந்துக்கும் நடுவே தனித் தடுப்பு இருப்பதால், உறைந்த பேக்கைக் காத்திருக்காமல் நேரே வைக்கலாம். கனம் கூடும், விலையும் கூடும். நீண்ட நடைக்குத் தோளில் சுமப்பவரின் சிரமத்தையும் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும். ஆனாலும் பணம் இருந்தால் என் தேர்வு இதுதான். தட்டம்மை, பிசிஜி மருந்தோடு போகும், தூளைக் கரைக்கும் கரைதிரவத்தையும் மறக்கக் கூடாது. மருந்துத் தூள் உறைந்தால் பாதகமில்லை, ஆனால் கரைதிரவக் குப்பி உறைந்தால் விரிசல் விடும்.

ஐஸே இல்லாமல் போகும் வழியும் ஒன்று உண்டு. மூளைக்காய்ச்சலுக்கான மெனாஃப்ரிவாக் மருந்தை 40 டிகிரி வரை, 4 நாள் வரை குளிர்பதனத்துக்கு வெளியே வைக்கலாம் என்று 2012-ல் அனுமதி கிடைத்தது. பெனின் நாட்டு முகாமில் அதைச் செய்தும் காட்டினார்கள். ஆனால் அப்படி அனுமதி பெற்ற மருந்துக்கு மட்டுமே இது பொருந்தும். எல்லாவற்றுக்கும் நீட்டிக்கக் கூடாது.

கண்காணிப்பில் எனக்குத் தயக்கமே இல்லை. காலையும் மாலையும் தெர்மாமீட்டர் பார்த்து எழுதினால் இரவு 2 மணிக்கு நடந்தது தெரியாது. வெப்பநிலையைத் தானே குறித்துவைக்கும் 30 நாள் பதிவுக் கருவி, உள்வெப்பம் 8 டிகிரிக்கு மேல் தொடர்ந்து 10 மணி நேரமோ, மைனஸ் 0.5 டிகிரியிலோ அதற்குக் கீழோ 1 மணி நேரமோ போனால் எச்சரிக்கும். அப்படி உறைவு எச்சரிக்கை வந்தால், அலுமினியம் கலந்த மருந்துகளுக்குக் குலுக்கல் சோதனை செய்யலாம். அதே தயாரிப்பாளரின் அதே தொகுதிக் குப்பி ஒன்றை வேண்டுமென்றே உறையவைத்து, உருகவிட்டு, சந்தேகக் குப்பியோடு சேர்த்துக் குலுக்கி, இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். சந்தேகக் குப்பியில் வண்டல் மெதுவாகப் படிந்தால் மருந்து நல்லது. உறைந்த குப்பியின் வேகத்திலோ அதைவிட வேகமாகவோ படிந்தால் ஒதுக்கிவிட வேண்டும். கட்டியாக உறைந்திருப்பதைக் கண்ணாலேயே பார்த்துவிட்டால் சோதனை எதுவும் வேண்டாம், நேரே ஒதுக்கிவிடுங்கள்.