கொல்லைப்புறத்துக்கு எந்த ஏர் ரைஃபிள்? ஸ்பிரிங்கா, கேஸ் பிஸ்டனா, பிசிபியா

நம்மில் முக்கால்வாசிப் பேர் முதன்முதலில் ஏர்கன்னைத் தொட்டது பலூன் கடையில்தான். மெரினாவோ, ஊர்த் தேர்த்திருவிழாவோ. பத்துக் குண்டுக்குக் காசு கொடுத்து, ஏழு பலூனை விட்டுவிட்டு, "குழல் கோணலா இருக்கு" என்று கடைக்காரரிடம் சண்டைக்கு நின்றிருப்போம். பெரும்பாலும் நாம் சொன்னது சரிதான். பேரல் மூட்டு ஆடிப்போய், முன்குறி ஒரு பக்கம் சாய்ந்து, ஸ்பிரிங் தளர்ந்து கிடக்கும் துப்பாக்கிகள் அவை. ஆனால் கடைக்காரர் அதே துப்பாக்கியை வாங்கி மூன்று பலூனை வரிசையாக உடைத்துக் காட்டுவார். இந்தக் கட்டுரையில் எந்த மாடல் பேச்சு வந்தாலும் அந்தக் காட்சியை ஒரு ஓரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சட்டம். 2016 ஆயுத விதிகளின்படி 0.177 அங்குலம், அதாவது 4.5 மி.மீ. துளை வரை, குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்கு மேல் போகாத ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் வேண்டாம். அடையாளச் சான்று, முகவரிச் சான்று கொடுத்து, ரசீதோடு வாங்குங்கள். அந்த ரசீதைத் தொலைக்காதீர்கள். "அண்ணே, 0.22-ல ஒண்ணு இருக்கு, வேணுமா?" என்று யாராவது குரலைத் தாழ்த்திக் கேட்டால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். புறா, கொக்கு, அணில் எல்லாம் இலக்கில் சேர்த்தி இல்லை. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், அது விளையாட்டே அல்ல. நாம் பேசுவது காகித இலக்கு, பத்து மீட்டர், அதிகம் போனால் இருபது.

பத்து மீட்டருக்கு எவ்வளவு சக்தி வேண்டும்? நம் ஊர்க் கடைகளில் எல்லாரும் முதலில் கேட்பது "இது எவ்வளவு பவர்?" என்றுதான். வழக்கமான 4.5 மி.மீ. ஈயக்குண்டு சுமார் 0.53 கிராம். அது வினாடிக்கு 175 மீட்டர் வேகத்தில் போனால் 8 ஜூல். ஒலிம்பிக் 10 மீட்டர் போட்டித் துப்பாக்கிகள் ஏறக்குறைய இந்த அளவில்தான் ஓடுகின்றன. 2008-ல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கிய பிரிவு அது. அந்த இலக்கின் மொத்த விட்டம் 45.5 மி.மீ., நடுவில் பத்து மதிப்பெண் தரும் இடம் வெறும் அரை மி.மீ. புள்ளி. அவ்வளவு சின்னப் புள்ளிக்கே 8 ஜூல் போதும் என்றால், கொல்லையில் நமக்கு 20 ஜூல் எதற்கு? அதே குண்டை அந்த வரம்பு வரை கொண்டுபோக ஏறக்குறைய 275 மீட்டர் வேகம் வேண்டும். அதற்குத் தடித்த ஸ்பிரிங், முரட்டு உதைப்பு, நோகும் தோள்பட்டை. அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் "1000 அடி வேகம்" பெரும்பாலும் எடை குறைந்த அலாய் குண்டில் அளந்தது; ஈயக்குண்டு போட்டால் அந்த எண் இறங்கிவிடும்.

இனி போட்டியாளர்கள்.

ஸ்பிரிங் வகை

பேரலை மடக்கினால் உள்ளே கனமான சுருள் ஸ்பிரிங் அழுந்தி மாட்டிக்கொள்ளும். குண்டை வைத்து, பேரலை நேராக்கி, விசையை இழுத்தால் பிஸ்டன் பாய்ந்து முன்னால் இருக்கும் காற்றை நசுக்கும். அந்தக் காற்று குண்டைத் தள்ளும். பழைய ஆட்கள் "முப்பத்தஞ்சாம் நம்பர்" என்று சொல்லும் இந்தியத் தயாரிப்புகள் எல்லாம் இந்தச் சாதிதான். விலை ஐந்தாறு ஆயிரத்தில் தொடங்கிப் பன்னிரண்டு, பதினைந்து ஆயிரம் வரை போகும். கடைக்குக் கடை மாறும்.

இதன் சிக்கல் உதைப்பில் இருக்கிறது. பிஸ்டன் முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் நகரும். நசுங்கிய காற்று பிஸ்டனைத் தடுக்கும்போது துப்பாக்கி முன்னால் நகரும். இரண்டும் நடப்பது குண்டு இன்னும் குழலுக்குள் இருக்கும்போதே. ஆகவே துப்பாக்கியை இறுக்கிப் பிடிக்கிறவருக்கு ஒவ்வொரு முறையும் பிடி கொஞ்சம் மாறும், குண்டும் இடம் மாறும். பலூன் கடைக்காரர் என்ன செய்தார் என்று நினைத்துப் பாருங்கள்: முன்னால் தாங்கும் உள்ளங்கையை விரித்து, அதன்மேல் துப்பாக்கியைக் கிடத்தினார், அவ்வளவுதான். விரல்கள் மடங்கவே இல்லை. குழந்தையின் தலையைத் தாங்குவதுபோல. நான் இதைப் புரிந்துகொள்ள இரண்டு மாதமும் இரண்டு டப்பா குண்டும் ஆயின. முதல் மாதம் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குச் சிதறிய குண்டுகள், பிடியைத் தளர்த்திய வாரமே ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்க ஆரம்பித்தன. துப்பாக்கி அதேதான்.

கேஸ் பிஸ்டன்

வெளியிலிருந்து பார்த்தால் ஸ்பிரிங் வகைக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது. சுருளுக்குப் பதிலாக, உயர் அழுத்தத்தில் நைட்ரஜன் அடைத்த சிலிண்டர். கார் டிக்கியைத் தூக்கிப் பிடிக்கும் தண்டைப் பார்த்திருப்பீர்கள், அதே வேலை. விற்பனையாளர்கள் இதை "லேட்டஸ்ட்" என்று முன்னால் எடுத்து வைப்பார்கள், மூன்று நான்காயிரம் கூடுதலாக.

நல்ல குணங்கள் உண்டு. சுட்டதும் "டொய்ங்" என்று அதிரும் ஓசை கிடையாது. சுருள் விரியும்போது துப்பாக்கியை லேசாகத் திருகும், அதுவும் இதில் இல்லை. ஏற்றியபடி கொஞ்ச நேரம் வைத்திருந்தாலும் ஸ்பிரிங்போல் தளராது. ஆனால் மடக்குவதற்கு ஆரம்பத்திலிருந்தே கடினமாக இருக்கும், உதைப்பு சுருக்கென்று அறையும். ஒரு மாலையில் ஐம்பது அறுபது குண்டு சுட ஆசைப்படுகிறவருக்கு இது பெரிய விஷயம். முப்பதாவது குண்டில் கை நடுங்கினால் அதற்கப்புறம் பயிற்சி இல்லை, உடற்பயிற்சி. இன்னொன்று, ஸ்பிரிங் தேய்ந்தால் கையில் கொஞ்சம் வித்தை உள்ள மெக்கானிக் மாற்றித் தருவார். கேஸ் கசிந்தால் சிலிண்டரையே மாற்ற வேண்டும், தயாரித்தவரிடம் உதிரி இருந்தால்தான் உண்டு.

நண்பர் ஒருவர் என் பேச்சைக் கேட்காமல் இதை வாங்கினார். அவர் கபடி விளையாடிய ஆள், மடக்குவது அவருக்குச் சிரமமாகத் தெரியவில்லை. பதினைந்து வயது மகளால் மடக்கவே முடியவில்லை. இப்போது மகள் என் ஸ்பிரிங் துப்பாக்கியில் சுடுகிறாள், அப்பா பக்கத்தில் நின்று பார்க்கிறார்.

பிசிபி

ப்ரீ-சார்ஜ்டு நியூமேட்டிக் என்பதன் சுருக்கம். துல்லியத்தில் இதை அடிக்க மற்ற இரண்டாலும் முடியாது. சிலிண்டரில் 200 பார் அழுத்தத்துக்குக் காற்றை முன்கூட்டியே அடைத்து வைத்து, ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு சிட்டிகை திறந்துவிடும் அமைப்பு. பாயும் பிஸ்டன் கிடையாது, ஆகவே உதைப்பு என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. எப்படிப் பிடித்தாலும் மன்னித்துவிடும். ஒலிம்பிக் துப்பாக்கிகளும் அழுத்தக் காற்றில் ஓடுபவைதான், விலை மட்டும் லட்சங்களில். இந்தியாவிலேயே ப்ரெசிஹோல் போன்ற தயாரிப்பாளர்கள் பிசிபி செய்ய ஆரம்பித்த பிறகு அது நடுத்தரக் குடும்பத்தின் கண்ணுக்கு எட்டியிருக்கிறது. கைக்கு எட்டியதா என்பது வேறு கணக்கு.

துப்பாக்கி முப்பதாயிரத்தைத் தாண்டும். அதோடு முடிந்ததா? காற்றடிக்கப் பம்ப் வேண்டும். பஞ்சர் கடைக் கம்ப்ரசர் எட்டுப் பத்து பாரோடு நின்றுவிடும், இதற்கு இருபது மடங்கு வேண்டும். மூன்றடுக்குக் கைப்பம்ப் வாங்கி, காலிச் சிலிண்டரை நிரப்ப நூறு தடவைக்கு மேல் உடம்பின் எடையைப் போட்டு அமுக்க வேண்டும். நடுவில் பம்ப் சூடாகும், ஆறவிட வேண்டும். நம் ஊர் ஈரக்காற்றில் தண்ணீர் உள்ளே போகாமல் இருக்கப் பம்ப்பில் வடிகட்டி அவசியம். ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் கசிந்தால் இரவு 200 பாரில் வைத்தது காலையில் 140-க்கு வந்து நிற்கும். பெரும்பாலான மாடல்களில் குழல்மேல் வைத்துக் குறிபார்க்கும் இரும்புக் குறியும் இருக்காது, டெலஸ்கோப் தனிச் செலவு. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: வெல்டிங் கடை ஆக்ஸிஜனை எந்தக் காலத்திலும் இதில் ஏற்றக் கூடாது. எண்ணெய்ப் பசையோடு சேர்ந்தால் வெடிக்கும்.

சத்தத்தையும் யோசியுங்கள். ஸ்பிரிங் "டப்"போடு முடிந்துவிடும். பிசிபி, குழலுக்கு உறை இல்லாத மாடலாக இருந்தால், பட்டாசு மாதிரி கேட்கும். என் ஸ்பிரிங்குக்கே பக்கத்துத் தோட்டத்து அம்மா வேலிக்கு மேல் தலையை நீட்டி, "ஏனுங் தம்பி, காலங்காத்தால என்னத்தத் தட்டிட்டு இருக்கறீங்க?" என்று கேட்டார். பலகை தட்டுவதாக நினைத்திருக்கிறார்.

கரியமிலவாயு அடைத்த சிஓ2 கேப்சூலில் ஓடும் வகையும் உண்டு. கேப்சூல் தீர்ந்துகொண்டே இருக்கும், சின்ன ஊரில் மறுபடி கிடைக்காது. தள்ளிவிடலாம்.

என் தேர்வு

மூன்றையும் சுட்டுப் பார்த்த பிறகும் முதல் துப்பாக்கியாக நான் சொல்வது மிதமான சக்தி கொண்ட ஸ்பிரிங். விசை மெத்தென்று இருக்க வேண்டும், இரும்புக் குறி இருக்க வேண்டும், பெட்டியில் போட்ட வேகத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். பட்ஜெட் இருபதாயிரம் என்றால் பத்துப் பன்னிரண்டைத் துப்பாக்கிக்கும் மீதியைக் குண்டுக்கும் வையுங்கள். டெலஸ்கோப் இப்போது வேண்டாம். ஸ்பிரிங்கின் முன்பின் உதைப்பு சாதாரண டெலஸ்கோப்பை உடைத்துவிடும்; ஏர்கன்னுக்கென்றே செய்தது, பத்து மீட்டருக்குக் குவியம் திருப்பக்கூடியது என்று தேடினால் துப்பாக்கி விலையில் பாதி போய்விடும்.

கடையில் நின்று பார்க்க வேண்டியவை இரண்டு. பேரலை மூடிய நிலையில் இடம் வலமாக அசைத்துப் பாருங்கள். துளி ஆட்டம் இருந்தாலும் திருப்பிக் கொடுங்கள். பிறகு பேரல் மூட்டின் மேல் டிஷ்யூ பேப்பர் துணுக்கு ஒன்றை வைத்து, குண்டு போட்டு, கடையில் இடம் இருந்தால் ஒரு முறை சுடச் சொல்லுங்கள். துணுக்கு பறந்தால் சீல் கசிகிறது. பழைய துப்பாக்கி வாங்குகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். குண்டு இல்லாமல் விசையை இழுத்துக் காட்டும் கடைக்காரரிடம் வாங்காதீர்கள், காற்றுத் தடை இல்லாமல் பிஸ்டன் முட்டி முட்டியே வீணாகும். மடக்கிய பேரலை விட்டுக் கையை எடுத்துக் குண்டு வைக்கவும் கூடாது. கொக்கி நழுவினால் விரல் போகும்.

குண்டு பற்றி: தட்டைத் தலை குண்டு காகிதத்தில் பஞ்ச் அடித்ததுபோல் வட்ட ஓட்டை போடும், பத்து மீட்டருக்கு அதுவே சரி. இருபதுக்குப் போனால் உருண்டைத் தலை. ஒவ்வொரு குழலுக்கும் ஒரு குண்டு பிடிக்கும். மூன்று நான்கு பிராண்டில் சின்ன டப்பா வாங்கி, ஐந்தைந்தாகச் சுட்டுப் பாருங்கள். பால்ரஸ் போடாதீர்கள், குழலுக்குள் குண்டைச் சுழலவைக்கும் வரிப்பள்ளம் கெடும், எங்காவது பட்டு எகிறும். குழாயில் தேங்காய் எண்ணெய் விடுகிற வழக்கமும் நம்மிடம் உண்டு. நசுங்கும் காற்றின் சூட்டில் அது தீப்பிடித்துப் புகையும், வேகம் தாறுமாறாகும்.

எகிறுவது பற்றி எனக்கு அனுபவமே உண்டு. இலக்கை ஒட்ட வைரம் பாய்ந்த புளியமரப் பலகையை நிறுத்தியிருந்தேன். நாலாவது குண்டு நேரே திரும்பி வந்து என் முழங்காலில் பட்டது. லுங்கி காப்பாற்றியது, கொட்டைப்பாக்கு அளவுக்குக் கன்றிப்போனதோடு சரி. மறுநாள் ஒரு பழைய மரப்பெட்டியில் கிழிந்த சேலை, துண்டுகளைத் திணித்து, பின்பக்கம் ஒரு இரும்புத் தகடு வைத்து, அதற்கும் பின்னால் இரண்டு சிமென்ட் சாக்கில் மணல் கட்டி அடுக்கினேன். கண்ணாடியும் போட்டுக்கொள்கிறேன், பக்கத்தில் நிற்கிறவர்களுக்கும் சேர்த்து. மாதம் ஒருமுறை பெட்டியைக் கவிழ்த்தால் நசுங்கிய ஈயம் ஒரு கைப்பிடி விழும். அதை டப்பாவில் போட்டு மூடி, சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டுத்தான் காபி.