சின்ன வெங்காயமா, சாத்துக்குடியா: உடம்பில் எது சேர்கிறது?

புதுச்சேரி குபேர் அங்காடியில் சின்ன வெங்காயமும் கிடைக்கும், சாத்துக்குடியும் கிடைக்கும். இரண்டிலும் ஃபிளவனாய்டு என்ற தாவரச் சேர்மம் உண்டு: வெங்காயத்தில் குவெர்செடின், சாத்துக்குடியில் ஹெஸ்பெரிடின். எதில் அதிகம் என்றுதான் பலரும் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால், அந்த மூலக்கூறில் எந்தச் சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

வெங்காயத்தில் ஒட்டியிருப்பது குளுக்கோஸ். பாலில் உள்ள லாக்டோஸை உடைக்கும் லாக்டேஸ் நொதியே சிறுகுடல் சுவரில் இதையும் வெட்டிவிடுகிறது. விடுபட்ட குவெர்செடின் குடல் செல்லுக்குள் நுழைந்ததும், அங்கேயும் கல்லீரலிலும் அதன்மேல் குளுக்குரோனிக் அமிலமோ சல்பேட்டோ ஏறுகிறது. அந்த மாறிய வடிவம் முக்கால் மணி நேரத்திலேயே இரத்தத்தில் உச்சத்தைத் தொடுகிறது. 1995-இல் நெதர்லாந்தில் பெருங்குடல் அகற்றப்பட்டவர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. வெங்காயத்திலிருந்து உறிஞ்சப்பட்டது 52 சதவீதம். சர்க்கரை இல்லாத தனி குவெர்செடினிலிருந்து 24 சதவீதம்தான். கலப்பில்லாததுதான் நன்றாகச் சேரும் என்ற நம்பிக்கை இங்கே அடிபட்டுப் போகிறது. அதனால் குவெர்செடின் மாத்திரைக்குக் காசு கொட்டுவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

உரிக்கும்போது மட்டும் கவனம் வேண்டும். காய்ந்த சருகோடு சேர்த்து, அதன் கீழே இருக்கும் ஊதா நிறச் சதை அடுக்கையும் பிய்த்து எறிந்துவிடுகிறோம். குவெர்செடின் அதிகம் இருப்பது அந்த வெளி அடுக்குகளில்தான். வேகும்போது ஒரு பங்கு தண்ணீரில் இறங்கிவிடும்; மீன் குழம்பில் அந்தத் தண்ணீரும் சோற்றோடு வயிற்றுக்குள் போவதால் நஷ்டமில்லை.

சாத்துக்குடியின் ஹெஸ்பெரிடினில் குளுக்கோஸோடு ராம்னோஸ் என்ற இன்னொரு சர்க்கரையும் சேர்ந்திருக்கிறது. சிறுகுடல் நொதிக்கு அது பிடிபடாது. பெருங்குடல் வரை போய், அங்குள்ள பாக்டீரியா வெட்டினால்தான் உண்டு. இரத்தத்தில் உச்சம் வர 5 முதல் 7 மணி நேரம் ஆகிறது. குடல் பாக்டீரியா ஆளுக்கு ஆள் மாறுவதால், ஒரே பழத்தைத் தின்ற இருவருக்குக் கிடைப்பதும் ஒன்றாக இருக்காது. உறிஞ்சப்படாத பகுதியைப் பாக்டீரியா இன்னும் சின்னச் சின்ன ஃபினாலிக் அமிலங்களாக உடைக்கிறது; அவற்றில் பலவும் இரத்தத்தில் கலந்து, கடைசியில் சிறுநீரில் வெளியேறுகின்றன.

இரத்தத்தில் விரைவாகச் சேர்வதில் என் ஓட்டு வெங்காயத்துக்கே. பழைய சோற்றுக்கு அதைக் கடித்துக்கொள்பவர்களுக்கு மாத்திரை எதற்கு? சாத்துக்குடியை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஜூஸாக வடிகட்டிக் குடிக்காதீர்கள். ஹெஸ்பெரிடின் அதிகம் இருக்கும் வெள்ளை நாரும் சுளைத்தோலும் வடிகட்டியிலேயே தங்கிவிடும். சுளையாகவே தின்னுங்கள்.