கப்சாய் எஞ்சினில் ‘டொக் டொக்’: கான்ராட், பேரிங் மாற்றி ஓட்டிய அனுபவம்

என்னுடையது 110 சிசி கப்சாய் (சின்ன மோட்டார்சைக்கிள்), நான்கு கியர், கார்புரேட்டர் காலத்து மோட்டார். பட்டர்வொர்த்தில் வீடு, பாயான் லெப்பாசில் வேலை. 2019 தொடக்கத்திலிருந்து மோட்டாருக்குப் பாலத்தில் டோல் இல்லை என்பதால் பெர்ரிக்குக் காத்திருப்பதை விட்டுவிட்டு, காலையும் மாலையும் பினாங்குப் பாலத்திலேயே போய் வருகிறேன். பதின்மூன்றரை கிலோமீட்டர். காற்று எதிரே அடித்தால் பாதித் தூரத்துக்கு மேல் திராட்டலைத் தளர்த்தவே முடியாது. சின்ன எஞ்சினுக்கு இது லேசான வேலை இல்லை.

சத்தம் ஒன்றாக வரவில்லை, இரண்டாக வந்தது. ஆயர் ஈத்தாமிலிருந்து துன் சார்டோன் சாலையில் பாலேக் பூலாவ் பக்கம் ஏறும்போது, உயர் கியரில் எஞ்சின் திணறும் இடங்களில் மட்டும் ‘டிக்டிக்டிக்’ என்று ஒரு மெல்லிய உலோகச் சத்தம். கியரைக் குறைத்தால் உடனே நின்றுவிடும். இன்னொன்று அடியிலிருந்து வந்தது. திராட்டலைத் திறந்து சட்டென்று விடும்போது, சுமை மாறும் அந்தக் கணத்தில் கனமாக ‘டொக்’ என்று கேட்கும்.

உயர்ரகப் பெட்ரோலான ரோன் 97 ஊற்றிப் பார்த்தேன். டிக்டிக் ஏறக்குறைய போய்விட்டது, டொக் அப்படியே இருந்தது. இது நல்ல தடயம். பெட்ரோலுக்குக் கட்டுப்படும் சத்தம் எரி அறைக்குள் நடப்பது: கரி படிந்திருக்கும், அல்லது சூடு அதிகம், அல்லது தீப்பொறி முந்துகிறது. எந்தப் பெட்ரோலுக்கும் அசையாதது உலோகம் உலோகத்தில் இடிப்பது. இரண்டையும் ‘நாக்கிங்’ என்ற ஒரே பேரில் சொல்வதால்தான் பலர் கையிலிருக்கும் வெள்ளியைத் தேவையில்லாமல் இழக்கிறார்கள்.

உலோக இடியிலும் எல்லாம் கான்ராட் (பிஸ்டனையும் கிராங்க் என்ற சுழல்தண்டையும் இணைக்கும் தண்டு) இல்லை. வால்வ் இடைவெளி கூடினால் மேலே ஹெட்டிலிருந்து, கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் ஒரு தடவை, மெல்லிய தட்டு. டைமிங் செயின் தளர்ந்தால் என் மோட்டாரில் இடப்பக்கம் சலசலக்கும். பிஸ்டன் தேய்ந்திருந்தால் காலையில் குளிர்ந்த எஞ்சினில் அதிகமாகக் கேட்டு, சூடேறியதும் குறையும். கான்ராட்டின் பெரிய முனை, அதாவது கிராங்க்கோடு சேரும் முனை, போனால் சூடேறச் சூடேறத் தெளிவாகும். நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை எஞ்சினில் ஊன்றிப் பிடியைக் காதோரம் வைத்தால் எங்கிருந்து வருகிறது என்று ஓரளவு பிடிபடும்.

ஆனால் எனக்குப் பழக்கமான பிறை ஊர் மெக்கானிக் அண்ணன் காதை நம்பவே மாட்டார். “சத்தத்த வச்சு எஞ்சின பிரிக்காத தம்பி. மொதல்ல மினியாக் ஹித்தாம இறக்கு, அதுல என்ன இருக்குன்னு பாரு” என்றார். இறக்கிய எஞ்சின் எண்ணெயை வெள்ளைத் துணியில் வடிகட்டி அடியில் காந்தத்தை நகர்த்தினார். கறுப்புக் குழம்பு மாதிரி நுண்தூள் இருந்தால் கவலை வேண்டாம், கியரும் கிளட்சும் தேய்ந்தால் அப்படித்தான் வரும். காந்தத்துக்கு வராத வெள்ளித் துகள் அலுமினியம், பெரும்பாலும் பிஸ்டனிலிருந்து வருவது. எங்களுக்குக் கிடைத்தவை விரலில் குத்தும் தகடுகள். காந்தத்தோடு ஓடி வந்தன. எஃகு.

பிளாக்கைக் கழற்றியதும் கான்ராட்டைப் பிடித்து மேலும் கீழுமாக இழுத்துப் பார்த்தோம். பக்கவாட்டில் கொஞ்சம் அசைவது இயல்பு, அதற்கென்றே இடைவெளி உண்டு. மேல்கீழாகக் கைக்குத் தெரியும்படி ஆடவே கூடாது. ஆடியது.

காரணமும் அங்கேயே இருந்தது. பிஸ்டன் ரிங் தேய்ந்து எஞ்சின் எண்ணெயை எரித்துக்கொண்டிருந்தது. இந்த எஞ்சின்களில் மொத்த எண்ணெயே முக்கால் லிட்டர் சொச்சம்தான். இருநூறு மில்லி எரிந்தால் கால் பங்கு போய்விட்டது, அதைக் காட்ட விளக்கு எதுவும் இல்லை. எண்ணெய் குறைந்து பெரிய முனை காய்ந்தது. எரிந்த எண்ணெய் கரியாகப் படிந்து டிக்டிக்கைக் கொண்டுவந்தது. இரண்டு சத்தத்துக்கும் வேர் ஒன்றே.

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் முக்கியமாகச் சொல்ல நினைத்தேன். கிராங்க்கை ஒரு லேத் பட்டறைக்கு அனுப்பிப் புது கான்ராட் அடித்து வாங்கினோம், மெயின் பேரிங்குகளும் புதிது. டொக் போனது. சில மாதங்களில் பாலத்தில் ஒரு ‘ஊ’ என்ற உறுமல். முதலில் சக்கரப் பேரிங் என்று நினைக்கத் தோன்றும். சோதிக்க எளிய வழி உண்டு: அதே வேகத்தில் போய்க்கொண்டே மூன்றாம் கியருக்கும் நான்காம் கியருக்கும் மாற்றிப் பாருங்கள். சுருதி மாறாவிட்டால் சக்கரம், மாறினால் எஞ்சின். எனக்கு மாறியது.

இந்த மோட்டார்களின் கிராங்க் ஒரே துண்டு இல்லை. இரண்டு பாதியையும் நடுப்பின்னில் அழுத்திச் சேர்த்தது. கான்ராட் மாற்றப் பிரித்துச் சேர்த்தால், பிறகு இரு முனையையும் தாங்கியில் வைத்துச் சுழற்றி, டயல் கேஜ் என்ற முள் அளவுமானி வைத்துக் கோணல் பார்த்து, நூறில் ஒரு மில்லிமீட்டர் கணக்கில் நேராக்க வேண்டும். அந்தப் பட்டறையில் அது நடக்கவில்லை. கோணல் கிராங்க் ஒவ்வொரு சுற்றிலும் பேரிங்கை வளைத்துத் தின்றிருக்கிறது. மறுபடி பிரித்து வேறொரு பட்டறையில் என் கண்முன் கேஜ் வைத்து நேராக்கி, அசல் பேரிங் போட்டோம். பேரிங் ஓரத்தில் எண்ணோடு உள்ளிடைவெளிக் குறியீடும் இருக்கும், கிராங்குக்குப் பெரும்பாலும் சி3. கழற்றியதில் என்ன குறி இருந்ததோ அதையே வாங்குங்கள். விலை குறைந்த போலிகள் நம் ஊரில் தாராளம்.

அதற்குப் பிறகு சில வருடங்களாக அதே பாலம், அதே காற்று. உறுமலும் இல்லை, டொக்கும் இல்லை. ரோன் 95-லேயே துன் சார்டோன் ஏறுகிறது. வாரம் ஒருமுறை எண்ணெய்க் குச்சியைப் பார்க்கிறேன், எண்ணெய் மாற்றும்போதெல்லாம் காந்தமும் வைக்கிறேன். கெட்டியான எண்ணெய் ஊற்றிச் சத்தத்தை அடக்கித் தருகிறோம் என்று சொல்லும் கடைகளுக்கு மட்டும் மோட்டாரை விடாதீர்கள். தேய்மானம் நிற்காது, உங்களுக்குக் கேட்காமல் போகும், அவ்வளவுதான்.

பழைய எஞ்சின் ஒன்றை வாங்கி மாட்டுவது மலிவாகாதா என்று பலர் கேட்கிறார்கள். அதன் கிராங்க்கை யார் பிரித்தார்கள், நேராக்கினார்களா என்று தெரியாமல் நான் வாங்க மாட்டேன். பட்டறைக்குப் போனால் முதலில் விலையைக் கேட்காதீர்கள். “டயல் கேஜ் இருக்கா அண்ணே, ரீடிங் காட்டுவீங்களா?” என்று கேளுங்கள். காட்டத் தயங்கினால் கிராங்க்கைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.